கண்துணி தைத்தவள்

ஊசியக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. தையல் வேலையால் வந்த பெயர் என்று அவள் சொல்லிக்கொள்வாள். வாயால் வந்த பெயர் என்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்வார். இரண்டிலும் பொய்யில்லை. அளவு கொடுக்க வருகிற பெண் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றால், "விடும்மா மூச்சை. போட்டுக்கிட்டு நாள் பூரா இப்படியேவா நிக்கப்போற?" என்று கேட்டுவிட்டுத்தான் டேப்பை எடுப்பாள். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. வேறு கடையில் தைத்துக்கொண்டு, அக்குள் பிடித்து, முகத்தைத் தொங்கப் போட்டபடி திரும்பி வந்தவர்களும் உண்டு.

கடை போடுவதற்கு முன்னால் அவள் ஒரு பெரிய தையல் கம்பெனியில் இருந்தாள். அங்கே அவளுக்கு வேலை இடது கை. ஆண்கள் சட்டையின் இடது கையை மட்டும் மடித்துத் தைத்துக் கூடையில் போடவேண்டும். வலது கை வேறொருத்தி, காலர் இன்னொருத்தி. நிறைந்த கூடையை எவனோ வந்து இழுத்துக்கொண்டு போவான். அத்தனை வருஷம் உழைத்தும் முழுச் சட்டையாக ஒன்றைக்கூட அவள் அங்கே கண்ணால் பார்த்ததில்லை. பஸ்ஸில் யாராவது நல்ல சட்டை போட்டு ஏறினால் அந்த ஆளின் இடது கையையே உற்றுப் பார்ப்பாள். அப்படி ஒருவன் தப்பாகப் புரிந்துகொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வாங்கிக் கட்டிக்கொண்டு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போனான்.

வீட்டுக்காரர் வனத்துறையில் லாரி டிரைவர். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். கடை புதிதாகத் திறந்திருந்த சமயம், கிழிந்த தார்ப்பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். "கிழிஞ்சிருக்கு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வாரம் அதே தார்ப்பாய், வேறு கிழிசல். அதற்கடுத்த வாரமும் வந்து நின்றார். ஊசியக்கா கிழிசலை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது கிழிஞ்சதில்லையே. பிளேடால அறுத்தது. உங்களுக்கு என்னதான் வேணும்?"

"நீங்க" என்றார் அவர்.

அந்தத் தடவை ஊசியக்கா கூலி வாங்காமலே தார்ப்பாயைத் தைத்துக் கொடுத்தாள். கல்யாணமாகி மாடியில் இரண்டு அறை, கீழே கடை என்று குடித்தனம் ஓடியது. பிள்ளை இல்லை. ஆரம்பத்தில் அதற்காக அழுதாள், பிறகு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினாள், அதன் பிறகு இன்னொரு தையல் மெஷின் வாங்கிப் போட்டாள். அவரை அவள் கல்லுளிமங்கன் என்று கூப்பிடுவாள். அதற்கும் அவர் சிரிப்பாரே தவிர வாயைத் திறக்க மாட்டார்.

அவருடைய லாரி சாதாரண லாரி இல்லை. காட்டு மிருகங்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகிற லாரி. மானை ஏற்றும்போது காதில் பஞ்சு வைத்துக் கண்ணைத் துணியால் கட்டிவிடுவார்கள். பார்க்க ஒன்றுமில்லை, கேட்க ஒன்றுமில்லை என்றால் பயம் பாதியாகும் என்பது கணக்கு. முன்பெல்லாம் கைக்குக் கிடைத்த துண்டைச் சுற்றிக் கட்டினார்கள். அது நழுவும், மூக்கை அடைக்கும். அவர் ஒருநாள் அந்தத் துண்டைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தார். "ஒழுங்கா ஒண்ணு தையேன்" என்றார்.

அப்படி ஆரம்பித்ததுதான் கண்துணி. பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பருத்தித் துணி இரண்டு மடிப்பு, நடுவில் கறுப்புத் துணி. தையல் விளிம்பு வெளிப்பக்கமாக வரும், கண்ணில் உரசாது. மூக்குக்கும் வாய்க்கும் தாராளமாக இடம். காதுக்குப் பின்னால் கட்ட நாடா. ஆபீசில் எல்லோரும் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, இதுவல்லவா துணி என்றார்கள். அதிலிருந்து மிருகங்களைக் கொண்டுபோகும்போதெல்லாம் அவள்தான் தைத்தாள். திரும்பி வந்ததை அவளே வாளியில் ஊறவைத்துத் துவைத்தாள். துணியில் பழுப்பு முடி ஒட்டியிருக்கும். கண் இருந்த இடத்தில் இரண்டு ஈர வட்டம் காய்ந்து கிடக்கும். அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்துப் பார்ப்பாள். இவ்வளவு பெரிய கண்ணா என்று நினைப்பாள்.

அங்கேதான் ஆசை முளைத்தது. அவள் தைத்தது பெரும்பாலும் ஒரே ஜாதிக்கு. நாணல் மான் என்று ஆபீசில் சொல்வார்கள். மிருகக்காட்சிசாலையில் அது கிடையாது, அடைத்து வைத்தால் உயிர் தரிக்காது. ஒரே ஒரு நாணல் சதுப்பில்தான் அந்தக் கூட்டம் இருக்கிறது, வெள்ளம் ஏறும்போதெல்லாம் லாரியில் அதன் மேட்டுப் பக்கம் கொண்டுபோய் விடுவார்கள், அதற்குள் வெளியாட்கள் போகக்கூடாது. போனில் படம் காட்டினார்கள். படத்தில் எல்லா மானும் ஒரே மாதிரிதான் இருந்தது. அவளுக்கு வேண்டியது படமில்லை. அந்தக் கண் திறந்திருக்கவேண்டும், அது இவளைப் பார்க்கவேண்டும், இவளும் அதைப் பார்க்கவேண்டும். ஊரெல்லாம் கண்ணைத் திறந்துகொண்டு நடக்கிறது, நான் மட்டும் மூடுகிறவளாகவே போய்ச் சேரப்போகிறேனா என்று இருந்தது அவளுக்கு. சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. வருஷம் போகப் போக அது மார்புக்குள் கனக்கத் தொடங்கியது. துணி வெட்டிக்கொண்டே இருப்பாள், திடீரென்று கத்தரி நின்றுவிடும்.

"என்னங்க, ஒரு தடவை என்னைக் கூட்டிட்டுப் போகக் கூடாதா?"

"மான் மான் மாதிரிதான் இருக்கும்" என்பார் அவர்.

"நீங்க பார்த்துட்டீங்க, அதனால சொல்லுவீங்க. வயிறு ரொம்பினவன் பேச்சு அப்படித்தான் இருக்கும்."

இப்படியிருக்கும்போது ஒருநாள் மத்தியானம் மிருக டாக்டரம்மா பழைய கண்துணி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கே வந்தார். வயதில் சின்னவர், தூக்கம் போதாத கண். ஏழு நாணல் மான்களைத் தூரத்தில் இன்னொரு சதுப்புக்குக் கொண்டுபோய் விடப்போகிறார்கள் என்றார்.

"அக்கா, இந்த முடிச்சுதான் எனக்கு எமன். வழியெல்லாம் தலையை ஆட்டி ஆட்டி இறுகிப்போகுது. அவிழ்க்கிற வரைக்கும் என் கை அது மூஞ்சி மேலயே இருக்கு."

"கை பட்டாலே பயமா அதுக்கு?"

"அதுக்கு நானும் ஒண்ணு, புலியும் ஒண்ணு. வைத்தியம் பார்க்க வந்த புலின்னு அதுக்குத் தெரியுமா? ரொம்பப் பயந்துடுச்சுன்னா உள்ளுக்குள்ளேயே சதை கெட்டுப்போகும். வெளியே ஒண்ணும் தெரியாது. எந்திரிச்சு நடக்கும், புல்லு மேயும். நாம பிழைச்சுடுச்சுன்னு சந்தோஷப்படுவோம். நாலஞ்சு நாள் கழிச்சுப் படுத்தா அப்புறம் எந்திரிக்காது."

ஊசியக்காவின் கால் மெஷின் பெடலில் அப்படியே நின்றது. "அப்ப எதுக்குத் தூக்கிட்டுப் போறீங்க? இருக்கிற இடத்துலயே இருந்துட்டுப் போகட்டுமே."

"இருக்கிறதெல்லாம் இந்த ஒரு சதுப்புலதான். நாளைக்கே ஒரு நோய் வந்தா, ஒரு தீ பிடிச்சா, கூண்டோட போயிடும். இன்னொரு இடத்துலயும் கொஞ்சம் பிழைச்சுக் கிடக்கட்டும்னுதான். விட்டாலும் பயம், தொட்டாலும் பயம். எந்தப் பயம் சின்னதுன்னு பார்த்துத்தான் செய்யறோம்."

ஊசியக்கா யோசித்தாள். பள்ளிக்கூடப் பை ஒன்று ரிப்பேருக்கு வந்து மேஜையில் கிடந்தது. அதன் வாய்ப்பட்டையைப் பிடித்து இழுத்தாள். வெல்க்ரோ. ஒரே இழுப்பில் பிரிந்துவந்தது, வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொண்டது. நாடாவை எடுத்துவிட்டு இதைப் போட்டால்? டாக்டரம்மாவின் மணிக்கட்டில் ஒரு துண்டைச் சுற்றிக் காட்டினாள். அவர் ஒட்டினார், பிரித்தார், திரும்ப ஒட்டினார், சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். வாசலில் பஸ் ஹாரன், பக்கத்தில் ஜெராக்ஸ் மெஷின், உள்ளே இரண்டு தையல் மெஷின், மேலே கிரீச்சிடும் மின்விசிறி. அந்தச் சந்தடியில் பட்டை பிரிந்த சத்தம் ஒருவர் காதிலும் விழவில்லை.

ஆபீஸ் கொல்லையில் கட்டியிருந்த ஆட்டுக்கு மாட்டி, கழற்றிப் பார்த்தார்கள். ஆடு அசைபோட்டுக்கொண்டே நின்றது. எல்லோருக்கும் திருப்தி. ஆடு பிறந்ததிலிருந்து மனிதர்களோடு வளர்ந்தது, லாரி ஹாரனையே பொருட்படுத்தாது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஏழு கண்துணியும் தயாரானதும் ஊசியக்கா சொன்னாள். "டாக்டரம்மா, இதுக்குக் கூலி வேண்டாம். ஒரே ஒரு தடவை, அது கண்ணைத் திறந்து நிக்கிறதை நான் பார்க்கணும்."

டாக்டரம்மா தயங்கினார். அங்கே ஒரு ஆள் கூடினால் ஒரு பயம் கூடும். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நாணல் தட்டி ஒன்று கட்டியிருக்கும், அதற்குப் பின்னால் நிற்கலாம். வளையல் கூடாது, பவுடர் கூடாது, பளிச்சென்ற புடவை கூடாது. முக்கியமாகப் பேச்சு கூடாது.

"பேச்சா? இவளா?" என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர். அவருக்குக் கிடைக்கவேண்டியது கிடைத்தது.

ஊசியக்கா லாரியில் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். சாயம் போன சாம்பல் புடவை, வெறுங்கை. பின்னால் ஏழு மரப்பெட்டிகள். அவர் ஓட்டுவதை அவள் அதுவரை பார்த்ததில்லை. திருப்பத்தில் ஆள் நடக்கிற வேகத்தில் திருப்பினார். பள்ளம் வந்தால் நின்று, இறங்கி, பார்த்துவிட்டு வந்து ஏறினார். ஹாரன் அடிக்கவே இல்லை. பின்னால் வந்தவர்கள் அவர் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டு முந்திப்போனார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த மனுஷனோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தியும் இவரை இன்றைக்குத்தான் பார்க்கிறோமோ என்று அவளுக்குத் தோன்றியது. எப்போதாவது முதுகுக்குப் பின்னால் ஒரு குளம்பு இடம் மாறி வைக்கும் சத்தம் கேட்டது. அப்போதெல்லாம் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

வெயில் ஏறாத காலையில் போய்ச் சேர்ந்தார்கள். சதுப்பின் ஓரத்தில் பெட்டிகளை இறக்கி வரிசையாக வைத்தார்கள். இரண்டு பக்கமும் கம்பிவலை, எதிரே நாணல், அதற்கப்பால் தண்ணீர். அவ்வளவு அமைதியான இடத்தில் ஊசியக்கா அதுவரை நின்றதில்லை. அவள் புடவை உரசுகிற சத்தம் அவளுக்கே கேட்டது. தட்டியின் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டாள். 

டாக்டரம்மா முதல் பெட்டியின் பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து கையை விட்டார். முதலில் காதுப் பஞ்சை எடுத்தார். பிறகு கண்துணியின் பட்டையைப் பிடித்து இழுத்தார்.

சர்ர்ரக்.

அந்த அமைதியில் அது மரம் பிளக்கிற மாதிரி கேட்டது. பஞ்சு எடுத்த காதுக்கு ஒட்டினாற்போல. பெட்டி மொத்தமும் அதிர்ந்து நகர்ந்தது. உள்ளேயிருந்து வந்த அலறலை மான் போட்டது என்று அவளால் நம்ப முடியவில்லை. முன்கதவைத் தூக்கியதும் பழுப்பாக ஏதோ ஒன்று பாய்ந்தது, கம்பிவலையில் மோதி விழுந்தது, எழுந்து எதிர்ப்பக்க வலையில் மோதியது, மறுபடி எழுந்து நாணலுக்குள் புகுந்து மறைந்தது. கண்ணைப் பார்க்கவா? தலை எது, கால் எது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். முகம் வெளிறிப்போயிருந்தது. திரும்பித் தட்டிப் பக்கம் பார்த்தார். ஊசியக்காவுக்கு உடனே புரிந்தது. என் பட்டை, என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தாள். ஆனால் அழுவதற்கு அது நேரமில்லை, இன்னும் ஆறு பெட்டி இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த நூல் வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு வந்தாள். பட்டையை இழுக்கக்கூடாது, அது தைத்திருக்கிற துணியை வெட்டவேண்டும் என்று சைகையில் காட்டினாள். டாக்டரம்மா தலையாட்டினார்.

சின்னக் கதவு வழியாகக் கைதான் போகும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. டாக்டரம்மா வழிகாட்ட, ஊசியக்கா இருட்டில் துழாவினாள். அவள் விரல் சூடான கழுத்தில் பட்டது. அந்தக் கழுத்து விடாமல் நடுங்கியது. இத்தனை வருஷம் வாளியில் துவைத்த வாசனை, இப்போது உயிரோடு, மூச்சோடு. ஒரு கணம் அவளுக்குக் கையை எடுக்க மனமில்லை. அப்படியே வைத்துக்கொண்டிருக்க வேண்டும், தடவிக்கொடுக்க வேண்டும் என்று ஆசை அலைமோதியது. இந்தக் கைதான் அதற்குப் புலி என்று ஞாபகம் வந்தது. காதோரத் துணியை இழை இழையாக அறுத்தாள், சத்தமில்லாமல் கையை வெளியே எடுத்தாள்.

ஆறும் முடிந்தது. பஞ்சை டாக்டரம்மா எடுத்துவிட்டார். துணி இப்போது முகத்தின் மேல் சும்மாதான் கிடந்தது, மான் தானாகத் தலையை உதறினால் விழுந்துவிடும். கதவுகளைத் தூரத்திலிருந்து கயிறு கட்டி இழுப்பது என்று முடிவாயிற்று. கயிறு பிடிப்பவர்கள் தவிர மற்றவர்கள் லாரிக்குப் போய்விட வேண்டும். டாக்டரம்மா ஊசியக்காவின் தோளைத் தொட்டு, தட்டிக்குப் பின்னால் நிற்கச் சொல்லிக் கை காட்டினார். கொடுத்த வாக்கு.

ஊசியக்கா தட்டியைப் பார்த்தாள். இடுக்கில் கண்ணை வைத்தால் போதும். ஆறு மான், பன்னிரண்டு கண். அவள் காலடியில் சேறு நசுங்கிச் சளக்கென்றது. அந்தச் சின்னச் சத்தத்துக்கே பெட்டிக்குள் ஒரு குளம்பு உதைத்தது.

அவள் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி லாரியை நோக்கி நடந்தாள். போய் முன்சீட்டில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். லாரியின் முகம் ரோட்டைப் பார்த்து நின்றது. கண்ணாடியில் பார்க்கலாம், பார்க்கவில்லை. கதவுகள் உயர்கிற கயிற்றுச் சத்தம் வந்தது. நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு தண்ணீரில் கால்கள் மிதித்துப் போகும் சத்தம், ஒன்று, பின்னால் இன்னொன்று, நிதானமாக. ஊசியக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவர் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறும் மேய்கின்றன என்று செய்தி வந்தது. முதலில் ஓடியதும் மேய்கிறது, அடிகூட இல்லை என்றார்கள். ஊசியக்காவுக்குப் பாதி உயிர் வந்தது. பகலில் யாரிடமும் வம்புக்குப் போகாமல் தைத்தாள். அளவு கொடுக்க வந்தவர்கள் மூச்சைப் பிடித்தபடி நின்றுவிட்டுப் போனார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் இரண்டு தடவை எட்டிப்பார்த்து, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் லாரி கடைக்கு முன்னால் வந்து நின்றது. அங்கே அதை நிறுத்தக்கூடாது, அவர் ஒருநாளும் நிறுத்தியதில்லை. இறங்கி வாசல்படியில் நின்றார்.

"ஆபீசுக்குக் கொண்டுபோறேன். டாக்டரம்மா அறுத்துப் பார்க்கணுமாம்" என்றார். பிறகு, "முதல்ல ஓடினது" என்றார்.

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"நேத்துப் படுத்துச்சாம். எந்திரிக்கலை." அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "உனக்குப் பார்க்கணும்னா... இப்பப் பார்த்தா அதுக்கு ஒண்ணும் ஆகாது."

அவருக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான். ஊசியக்கா எழுந்து போனாள். அவர் பின்கதவை இறக்கி, கைபிடித்து ஏற்றிவிட்டார். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே சாக்கில் சுற்றிக் கிடந்தது. சாக்கை விலக்கினாள். அவள் நினைத்ததைவிடச் சின்ன உடம்பு. உள்காதில் வெள்ளை முடி. மூக்கின் மேல் ஒரு கறுப்புக் கோடு, அது எந்தப் படத்திலும் தெரிந்ததில்லை. கால் மெலிசு, இவ்வளவு மெலிந்த காலை வைத்துக்கொண்டா அந்தப் பாய்ச்சல் பாய்ந்தது. கண் திறந்துதான் இருந்தது. பெரிய கண், நீளமான இமை முடி. வேண்டிய மட்டும் பார்த்தாள், தலையிலிருந்து வால் வரைக்கும் முழுசாகப் பார்த்தாள். அவசரப்படுத்த ஆளில்லை. தெருவில் பஸ் போனது, ஜெராக்ஸ் மெஷின் ஓடியது, எதற்கும் அது அசையவில்லை.

அவள் இறங்கியதும் அவர் கதவை ஏற்றித் தாழ்ப்பாள் போட்டார்.

"பார்த்தியா?"

"நான் பார்த்தேன்" என்றாள் ஊசியக்கா. "அது என்னைப் பார்க்கலையே."

அவர் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார்.

"மத்த ஆறும் நல்லா இருக்குதுல்ல?"

"இருக்கு. தண்ணிக்குள்ள இறங்கி அந்தக் கரைக்குப் போயிடுச்சாம். இப்ப யார் கண்ணுக்கும் படறதில்லை."

"அது போதும்னு சொல்லணுங்க எனக்கு" என்றாள் அவள். "சொல்ல வாய் வர மாட்டேங்குது."